கலங்கரை விளக்கத்தில் ஒரு பெரியப்பா

"இவர் எங்க பெரியப்பா. எங்களோடதான் வந்திருக்காரு" என்றாள் என் மனைவி, கலங்கரை விளக்கத்து வாசலில் நின்ற காவலாளியிடம், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எங்கள் கல்யாணத்துக்குக்கூட வராத பெரியப்பா. சற்று முன்னால் டிக்கெட் வரிசையில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றவர், அவ்வளவுதான். தனியாக வருகிறவர்களை மேலே விடமாட்டார்களாம், உங்களோடு சேர்த்துக்கொள்கிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

என் மனைவிக்கு முடியாது என்று சொல்ல வராது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும் சரி, பஸ்ஸில் யாராவது ஜன்னலோர இடத்தைக் கேட்டாலும் சரி, தலையாட்டிவிடுவாள். அவஸ்தை எனக்கு.

ஏற்கெனவே எனக்கு எரிச்சல். கோட்டை, பீரங்கி மேடு, பழைய சுங்கக் கட்டடத்து அருங்காட்சியகம் என்று காலையிலிருந்து வேன்காரர் எங்களை ஓட ஓட விரட்டியிருந்தார். இந்த லட்சணத்தில் ஒரு பெரியப்பா வேறு.

'தனி நபருக்கு அனுமதி இல்லை' என்று வாசலில் பலகையே வைத்திருந்தார்கள். ஆள் சேர்த்தால்தானே டிக்கெட் விற்கும், அதற்கு ஒரு சட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன்.

ஆனால் மனிதர் தங்கமானவர். பாதிப் படியில் என் மகள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அவர்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, மூச்சு வாங்குதா?" என்று திரும்பி என்னைக் கிண்டல் வேறு செய்தார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கைப்பிடிச் சுவரோரம் என் மகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பலைக் காட்டினார். நான் போட்டோ எடுத்தேன். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. உங்களுக்கு எல்லோரையும் சந்தேகப்படத்தான் தெரியும் என்று பார்வையாலேயே சொன்னாள்.

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"நீங்க இறங்குங்கம்மா. நான் கொஞ்ச நேரம் பாத்துட்டு வர்றேன்" என்றார் அவர்.

இறங்கிவிட்டோம்.

வாசலில் காவலாளி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார்.

"பெரியவர் எங்கே?"

"மேலதான். பின்னாடியே வருவாரு."

"உங்க சொந்தம்தானே அவரு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பொய்யை ஒரு தடவைதான் சொல்ல வரும்.

காவலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "தனியா ஏறுறவங்க படி வழியா எறங்குறதில்லம்மா. அதுக்குத்தான் அந்தப் பலகையே."

அவர் விசிலை எடுத்து வாயில் வைப்பதற்குள் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன்.

சுற்றிச் சுற்றிப் படிகள் வந்துகொண்டே இருந்தன. இந்த ஆளா என் குழந்தையை அந்தச் சுவரோரம் தூக்கிப் பிடித்திருந்தான் என்று ஒரு பக்கம் உடம்பு பதறியது. இருக்கணும், ஆள் இருக்கணும் என்று இன்னொரு பக்கம் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இருந்தார். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்ந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். பட்டன் தெறித்தது.

அவர் திமிறவில்லை. "பயப்படாதீங்க தம்பி. நான் அதுக்கு வரல" என்றார்.

"பின்ன எதுக்குய்யா வந்தீங்க?" கத்திவிட்டேன். சட்டையை விடாமலேயே அவரைத் தரையில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போன வருஷம் அவருடைய மகள் இங்கே வந்திருக்கிறாள். தனியாக. சுற்றிப் பார்க்க வந்த ஏதோ ஒரு குடும்பம், எங்கள் பெண்தான் என்று சொல்லி அவளை மேலே கூட்டிப்போனது. போலீஸ்காரர்கள் சொன்னது அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தார் யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது.

"எத்தன பேர்கிட்ட கெஞ்சுனாளோ, எத்தன பேர் முடியாதுன்னு வெரட்டுனாங்களோன்னு நெனச்சுக்கிட்டேதான் தம்பி இந்த ஒரு வருஷத்த ஓட்டினேன்" என்றார். "ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுருப்பா. போதும், வீட்டுக்குப் போயிரலாம்னு ஒரு தடவையாவது தோணியிருக்கும். என்னையும் ஒரு தடவ நெனச்சிருப்பா. அப்படி வெரட்டுறது நெசம்தானான்னு நானே கேட்டுப் பாக்கத்தான் இன்னிக்கி வந்தேன்."

நான் பிடியைத் தளர்த்தினேன். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மொதமொதல்ல உங்க வீட்டம்மாகிட்டதான் கேட்டேன். கேட்டு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

கீழே என் மனைவி அழுது முகம் வீங்கி நின்றிருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். மேலே என்னதான் சொன்னார் என்று என்னைத் தனியாக இழுத்துக் கேட்டாள்.

சும்மா கடலைப் பார்க்கத்தான் வந்தாராம் என்றேன்.