அறுபத்தோராவது இதயம்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து தினமும் ரயிலேறி ஆய்வுக்கூடத்துக்கு வரும் டாக்டர் ருக்கையா, இருபத்திரண்டு ஆண்டுகளாக மீன் முட்டைகளுக்குள் கரு உருவாவதை ஆராய்கிறார். அறுபது கருக்களில் அறுபத்தோர் இதயங்கள் துடிப்பதாக அவர் எழுதிய அறிக்கையை இயக்குநர் ஜூலியஸ் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரு கருவுக்கு ஒரு இதயம்தான் லா. வயசாச்சு, கண்ண செக் பண்ணுங்க.”

ருக்கையாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “எனக்கே எண்ணச் சொல்லித் தர்றீங்களா? நீங்களே வந்து பாருங்க!”

நுண்ணோக்கியில் ஜூலியஸ் இரண்டு முறை எண்ணினார். அவருக்கும் அறுபத்தொன்றுதான் வந்தது. “எங்கேயோ தப்பு இருக்கு,” என்றார் அப்போதும்.

ருக்கையா விறுவிறுவென்று எல்லாக் கருக்களையும் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து வேறு தட்டில் விட்டார். “இப்ப எண்ணுங்க.”

பழைய தட்டில் மிஞ்சிய வெறும் தண்ணீரின் மேல் குனிந்த ஜூலியஸ் வெகுநேரம் நிமிரவில்லை.

“ஒண்ணு துடிக்குது,” என்றார்.