வெள்ளைத் திரையில் ஒரு கை

மராட்டிய ஊரான சிஞ்ச்வட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாவது மாடி. ஜன்னல்களைக் கறுப்புத் துணி மூடியிருக்கிறது. அறுபது குழந்தைகள் தரையில் உட்கார்ந்து முதல்முறையாக ஒரு மௌனப் படம் பார்க்கிறார்கள். பின்சுவரோரம் மகாதேவன் புரொஜெக்டரை ஓட்டுகிறார். இந்த ஒரு மணி நேரத்துக்காக ஆறு மாதம் தலைமையாசிரியரைக் கெஞ்சிய அவர் மனைவி பார்கவி டீச்சர் பக்கத்தில் நிற்கிறாள். திரையில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் முகம் சட்டென்று அசையாமல் நிற்கிறது. ஃபிலிம் சிக்கிக்கொண்டது. கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி கிளம்பி, கொப்பளித்து, முகத்தையே தின்றுவிட்டுத் திரையை வெறும் வெள்ளையாக விடுகிறது. கருகிய வாடை. "ஆக், ஆக்" என்று யாரோ இந்தியில் அலற, நெருப்பென்று நம்பிப் பிள்ளைகள் எழுந்து திரையோரக் கதவுக்கு ஓடுகிறார்கள். வெளியே குறுகலான படிக்கட்டு. ஒரு குழந்தை விழுந்தால் போதும். பார்கவி கத்துவது அவளுக்கே கேட்கவில்லை. மகாதேவனின் கை புரொஜெக்டர் சுவிட்சுக்குப் போகிறது.

"ஏன்னா, லைட்டை அணைக்காதீங்கோ. இருட்டினா குழந்தைகள் இன்னும் பயந்துடும்."

அவள் ஒளிக்குள் கையை நீட்டுகிறாள். ஓடும் குழந்தைகளுக்கு முன்னால், திரை முழுக்க, ஒரு கறுத்த உள்ளங்கை எழுகிறது. முன்னால் போனவர்கள் நின்றுவிடுகிறார்கள். "பஸா, பஸா" என்று மராட்டியில் மெல்லச் சொல்கிறாள். ஒவ்வொருவராக உட்காருகிறார்கள்.

"டீச்சர், அந்தக் கை ஏன் நடுங்குது?" என்று தமிழ்க் குழந்தை ஒன்று கேட்கிறது.

"எனக்கும் பயமா இருந்துதும்மா," என்கிறாள் பார்கவி. கையை அவளால் இன்னும் இறக்க முடியவில்லை.