ஒற்றை விஞ்ச்

"பேர் கேட்டா சொல்லாதே. படகு எங்கே நிக்குதுன்னும் சொல்லாதே. பேரமும் பேசாதே."

தெரு முனையில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கணவர் சொன்னார். எஞ்சினை அணைக்கவில்லை.

"நீங்களும் வாங்களேன். எனக்கென்ன தெரியும் இதைப் பத்தி?"

"எல்லாம் எழுதியிருக்கேன்" என்று ஒரு சீட்டை நீட்டினார். பார்க்க வேண்டியவை ஏழு. ஒவ்வொரு எண்ணையும் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே இரட்டைக் கோடு. மளிகைச் சீட்டைக்கூட அப்படித்தான் எழுதுவார்.

அவள் இறங்கி நடந்தாள்.

பாயின் கயிற்றைச் சுற்றி இழுக்கிற கனத்த உருளைதான் விஞ்ச். படகுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வேண்டும். மாமனார் விட்டுப்போன அந்தச் சின்னப் பாய்மரப் படகில் வலது பக்கம் மட்டும்தான் நல்ல விஞ்ச் இருந்தது. கணவர் வீட்டு மனிதர்கள் யாரையும் அவள் பார்த்ததில்லை; புகுந்த வீட்டுச் சொந்தம் என்று அவளுக்கு இருந்தது அந்தப் படகு ஒன்றுதான். கல்யாணமான புதிதில், "இதோட ஜோடி எங்கே?" என்று கேட்டதற்கு, "போயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

இடது பக்கத்தில், யாரோ கழித்துப்போட்ட சின்ன விஞ்ச் ஒன்றை மாட்டி இத்தனை வருடம் ஓட்டியாகிவிட்டது. போன மாதம் காற்று வலுத்தபோது அதன் பல் வழுக்கியது. கயிறு உருவிக்கொண்டு ஓடியதில் அவர் உள்ளங்கைத் தோல் உரிந்தது. படகு பாறைப் பக்கம் திரும்பியது. மகள் படகின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எப்படியோ கரை சேர்ந்ததும் கணவரிடம் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: இதை மாற்றாமல் என் பெண் இனிமேல் படகில் கால் வைக்கமாட்டாள்.

புது ஜோடி வாங்குவதென்றால் படகை விற்றுத்தான் வாங்க வேண்டும். பழைய ஜோடிகளிலோ, நல்லவை கைக்கு எட்டவில்லை. எட்டியவை தேய்ந்து கிடந்தன. அப்போதுதான் அவள் கண்ணில் அந்த விளம்பரம் பட்டது. "ஒற்றை விஞ்ச் விற்பனைக்கு. நேரில் வந்து பார்க்கவும்." படத்தில் இருந்தது, வலது பக்கத்தில் இருப்பதன் அச்சு அசல். விலை, நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்குகிற காசு.

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்துக் காட்டினாள். அவர் முகவரியை இரண்டு தடவை படித்தார். முகம் செத்துப்போயிற்று. அதன்பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவள் தனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் விடை ஒன்றுதான் வந்தது. திருட்டுச் சாமான். அது இவருக்கும் தெரியும்.

வீட்டை ஒட்டினாற்போல் சைக்கிள் பட்டறை. தலை பாதி நரைத்த ஒருவர் சக்கரத்தைத் தொங்கவிட்டு, கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். வேறு யாருமில்லை.

"விஞ்ச் பார்க்க வந்தேன் அண்ணா."

"அண்ணான்னெல்லாம் வேணாம். நான் சின்னவன்தான்" என்றார் அவர், கையைத் துடைத்தபடி. வேறு நாளாயிருந்தால் அந்தத் தலையைப் பார்த்துச் சிரித்திருப்பாள்.

பட்டறையிலிருந்து இல்லை, வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்தார், குழந்தையைத் தூக்கிவருவதுபோல. துணியை விலக்கினால் பளபளவென்றிருந்தது. எண்ணெய்கூடப் புதிது. கழித்துக்கட்டுகிற சாமானை யார் இப்படித் துடைத்து வைப்பார்கள்?

சீட்டைப் பார்த்துப் பார்த்துச் சோதித்தாள். கடிகாரம் சுற்றும் பக்கம் சுற்றினாள். டிக் டிக்கென்று தாளம் தப்பாமல் ஓடியது. எதிர்ப் பக்கம் அசையவில்லை. ஆட்டிப் பார்த்தாள், ஆட்டம் இல்லை. அடியில் ஆணித் துளை ஐந்தா என்று எண்ணினாள், ஐந்தும் இருந்தன.

"நல்லா வச்சிருக்கீங்க. இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"என் பங்குக்கு வந்தது."

பங்கு. அப்படியானால் ஒரு கூட்டமே இருக்கிறது. வாசலைப் பார்த்தாள். தூரத்தில் காரின் உறுமல் கேட்டது.

"ஒண்ணு போதுமா? படகுக்கு ரெண்டு வேணுமே" என்றார் அவர்.

"இன்னொரு பக்கம் இதே மாதிரி ஒண்ணு இருக்கு" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அந்தச் சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

கொடுக்காமலிருக்க வழி தெரியவில்லை. போச்சு, கையெழுத்தோடு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். அவர் படிக்கவில்லை. வட்டங்களின் மேல் கட்டைவிரலை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பிறகு வாசலுக்குப் போய்த் தெரு முனையைப் பார்த்தார். அங்கே எஞ்சின் அணையாமல் கார் நின்றிருந்தது.

அவள் பணத்தை நீட்டினாள். இதை வைத்துக்கொண்டு தன்னை விட்டுவிடும்படியும், யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன் என்றும் தடுமாறிச் சொன்னாள்.

அவர் பணத்தைத் தொடவில்லை.

"மூணு வருஷமா இந்த விளம்பரத்தைப் போட்டுக்கிட்டே இருக்கேன். ஒத்தை விஞ்ச்சை யாரு வாங்குவா? இதோட ஜோடியை வச்சிருக்கிற ஆள் ஒருத்தர்தான் தேடி வர முடியும்."

சீட்டை மடித்து அவள் கையில் திரும்ப வைத்தார்.

"எஞ்சினை அணைச்சுட்டு அவரை உள்ளே வரச் சொல்லுங்க, அண்ணி."