தலைவர் வீட்டுச் சீனச் சாப்பாடு

"கரட்டை என்னத்துக்கு இப்பிடித் தறிச்சு வெச்சிருக்காய்? குதிரைக்கா? தீக்குச்சி மாதிரி வெட்டு எண்டு எத்தின தரம் சொல்ற!"

முத்தலிபு ஹாஜியார் குசினி வாசலில் நின்று கத்தினார். ஒரு கையில் தஸ்பீஹ் மணிமாலை, மறு கையில் போன். போனில் ஒரு சீனத்துச் சமையல்காரர் கோழியையும் மரக்கறியையும் தாச்சியில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் செய்த வேலையை, ஹாஜியார் தெருவுக்கே கேட்கும்படி விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் யோசனைக்கு முன்னால் வாய் வந்துவிடும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வந்த சீனர்கள் அந்தப் பக்கம் நடமாடத் தொடங்கியதிலிருந்து ஹாஜியாருக்கு நோன்புக் கஞ்சி கௌரவக் குறைச்சலாகிவிட்டது. இன்றைக்குப் பள்ளிவாசல் நிர்வாக சபையே அவர் வீட்டில் நோன்பு திறக்க வருகிறது. சபைத் தலைவர் வீட்டில் தலைவருக்கேற்ற சாப்பாடு வேண்டாமா?

"எண்ணெய் புகையணும், பிறகுதான் கோழியைப் போடணும். போஞ்சியைக் கடிச்சா 'கறுக்' எண்டு சத்தம் வரணும். உன்ட உம்மா வீட்டுப் பால்கறி மாதிரிக் குழைச்சு வெச்சிராத!"

"நீங்க கொஞ்சம் தள்ளி நிண்டா நான் சமைப்பன்," என்றாள் அவர் மனைவி ஹிதாயா. கத்தி தேவைக்கு அதிகமான வேகத்தோடு பலகையில் விழுந்தது. அவளுடைய கோபம் கரட்டைப் பற்றியதல்ல.

"இன்ஷாப் ஒண்டும் குடிக்கல்ல. என்ட தம்பியை எனக்குத் தெரியும்."

"நோன்பு நேரத்துல பாலாவிச் சந்தியில, தேத்தண்ணிக்கடைத் திரைக்குப் பின்னால போனவன் தொழவா போனான்?"

"லொறிக்கார நிக்கொலஸைக் கூப்பிடத்தான் போனான். நிக்கொலஸே வீட்டுக்கு வந்து சொன்னார்தானே!"

"நல்ல சாட்சி! பாங்கு சொல்ற வாய் சுத்தமா இருக்கணும். நோன்பு திறந்த கையோட கூட்டம். இண்டையோட அவன்ட மோதினார் வேலையும் முடிஞ்சிது, பள்ளி குடுத்த வீடும் போச்சு. பொஞ்சாதியைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போகட்டும்."

"அவள் மாசமா இருக்கிறாள்!"

"மார்க்கம் எண்டா மார்க்கம். மச்சான் எண்டு பார்க்கேலுமா?"

மச்சான் இன்ஷாப் விறாந்தையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பாங்கு சொல்ல ஹாஜியார் ஏற்கெனவே வேறோர் ஆளை வைத்துவிட்டார்.

ஹிதாயா தாச்சியில் எண்ணெயை ஊற்றினாள். "சோயா சோஸிலயும் உப்பு இருக்கு. அளவு தெரியல்ல. சமைக்கிற ஆள் நுனி நாக்குல தொட்டுத் துப்பினாக் குத்தமில்ல எண்டு மௌலவி சொன்னார்..."

"மௌலவி சொல்லுவார்! என்ட வீட்டுல நோன்பு நேரம் ஒரு வாயிலயும் ஒண்டும் படக்கூடாது. நுனி நாக்கும் இல்ல, அடி நாக்கும் இல்ல. விளங்கினதா?"

"விளங்கினது."

"ஒழுங்கா மூடியும் வை. நேத்துப் பொரிச்ச கோழியில ரெண்டு துண்டைக் காணல்ல. வருசா வருசம் நோன்பு வந்தா இந்தக் குசினிக்குள்ள பூனையும் வந்திடுது. ஒரு பூனையை விரட்டத் தெரியாத நீயெல்லாம் ஒரு பொம்பிளை!"

ஹிதாயா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடுப்பைக் கூட்டினாள்.

கோழி சீறியது. உள்ளியும் இஞ்சியும் மணத்தன. கரட்டும் போஞ்சியும் கோவாவும் கறிமிளகாயும் தாச்சிக்குள் துள்ளி விழுந்தன. இறக்கியதைப் பெரிய தட்டில் கொட்டி, மூடி, கூடத்துக்குக் கொண்டுபோனாள். தாச்சியில் மிஞ்சியது ஒரு சின்னக் கோப்பையில் அடுப்பருகே இருந்தது.

"நான் கை கால் கழுவி ஒளுச் செஞ்சிட்டு வாறன். பூனை வந்தாப் பார்த்துக்கோங்க."

கூடத்துப் பாயில் சபையினர் வந்து அமர்ந்தார்கள். அவரவர் கையில் பேரீச்சம்பழம். எல்லோருடைய காதும் பள்ளிப் பக்கம். ஒளுச் செய்துவிட்டு வந்த ஹிதாயா கதவருகே நின்றாள்.

குசினியிலிருந்து ஹாஜியார் சிவந்த முகத்தோடு பாய்ந்து வந்தார்.

"மானத்தை வாங்கிட்டாள் இவள்! பாலாவி உப்பளத்தையே கொட்டி வெச்சிருக்கிறாள்! நாக்கு வெடிக்குது, தொண்டைக்குள்ள இறங்குதில்ல! ஒருத்தரும் அந்தத் தட்டைத் தொடாதீங்க!"

ஒருவரும் தொடவில்லை. எல்லோரும் தலைவரின் தாடியையே பார்த்தார்கள். அதில் ஒரு கரட் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னபடியே, தீக்குச்சி மாதிரி வெட்டியது.

அப்போதுதான் பள்ளியிலிருந்து பாங்கு எழுந்தது.

இன்ஷாப் எழுந்து வந்து பேரீச்சம்பழத் தட்டை நீட்டினான். "நோன்பைத் திறங்க, மச்சான்."

ஹாஜியாரின் கை நீளவில்லை.

சபையில் மூத்தவரான மீரா முகைதீன் பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து, பெரிய தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மென்றார். போஞ்சி 'கறுக்' என்றது.

"இன்ஷாப், விடிய சுபஹுக்கு நீயே பாங்கு சொல்லு," என்றவர் கதவுப் பக்கம் திரும்பினார். "ஏன் மகள், இதுல உப்பு அளவாத்தானே இருக்கு?"

"ஓம், அதுல அளவாத்தான் போட்டன்," என்றாள் ஹிதாயா, முக்காட்டைச் சரிசெய்தபடி. "பூனைக்கு வெச்ச கோப்பையிலதான் ரெண்டு கை அள்ளிப் போட்டன்."