மான் தொந்தரவு உண்டுங்களா?

"மானுங்களா? எங்க பக்கம் ஏதுங்க மானு! டிவில பாத்ததோட செரிங்க!"

வந்து இறங்கியதுமே பெண்ணின் அப்பா கேட்ட கேள்விக்கு, சாரதாமணி கொஞ்சமும் வாய் கூசாமல் புளுகினாள். புளுகாமல் என்ன செய்வாள், பாவம்! மகன் செந்தில்வேலுக்கு முப்பத்திநாலு முடிந்துவிட்டது. சேவூருக்குப் பக்கத்தில் சொந்தத் தோட்டம், கொட்டகை நிறைய மாடு, பையனிடம் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இருந்து என்ன? போன தையில் வீடு பார்க்க வந்த பெண் வீட்டார், சோளக்காட்டில் மான்கள் மேய்வதைப் பார்த்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"மானுக்கு வெள்ளாமை பண்ற ஊட்டுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?" என்று தரகரிடம் சொன்னார்களாம். அந்தப் பேச்சு இன்னும் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

முன்பெல்லாம் அங்கே மான் ஏது? ஏழெட்டு வருசத்துக்கு முந்தி, எங்கிருந்தோ ரெண்டு மூணு புள்ளிமான் வந்து குளத்து வேலங்காட்டில் ஒண்டின. இன்றைக்குக் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. சோளமா, கடலையா, எதையும் விட்டு வைப்பதில்லை.

இந்தத் தடவை சாரதாமணி ஏமாறத் தயாராக இல்லை. காலையிலேயே புருசன் ஆத்தப்பன் கையில் ஒரு தடியைக் கொடுத்துக் குளத்துக் கரைக்கு அனுப்பிவிட்டாள்.

"பொண்ணூட்டுக்காரங்க கெளம்பற வரைக்கும் ஒத்தை மானு இந்தப் பக்கம் வரப்படாது. வந்துச்சுன்னா உங்களுக்குச் சோறு கெடையாது, பாத்துக்குங்க!"

பெண்ணின் அப்பா மகுடேஸ்வரனுக்கு நொய்யல் கரையில் தோட்டம், திருப்பூரில் பனியன் கம்பெனி. சம்சாரத்தோடு வந்தவர் வீட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கடலைக்காட்டு வரப்பில் இறங்கினார்.

"ஏனுங்கம்மிணி, காட்டைச் சுத்தி எதுக்குங்க இத்தனை பழைய சேலை கட்டி வெச்சிருக்கறீங்க?"

"அதுங்களா... மயிலு வராம இருக்கறதுக்குங்கண்ணா."

"மயிலு எங்க கம்பெனி மொட்டை மாடிலயே வந்து ஆடுதுங்க. நாங் கேக்கறது மானு. வருமுங்களா?"

"இல்லவே இல்லீங்க!"

மகுடேஸ்வரன் முகம் சுருங்கியது. செந்தில்வேல் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. கூட்டமா வராட்டிப் போவுது. ஒண்ணு ரெண்டாச்சும் வருமுங்களா?"

செந்தில்வேல் அம்மாவைப் பார்த்தான். அம்மா முறைத்த முறைப்பில், "இல்லீங்க மாமா" என்று தன் கால் கட்டைவிரலிடம் சொன்னான்.

நோண்டி நோண்டிக் கேக்கறாரே, குத்தம் கண்டுபிடிக்கன்னே கெளம்பி வந்திருக்கறாரு என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினாள் சாரதாமணி. வெளியே பல் தெரியச் சிரித்தாள்.

"செரிங்க. அப்பப் பொறப்படறோமுங்க" என்றார் மகுடேஸ்வரன்.

"ஐயோ, சமையலெல்லாம் ஆயிருச்சுங்கண்ணா! ஒரு வாய் சாப்புட்டுட்டு..."

"இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க."

அவ்வளவுதான். பெண் வீட்டார் கை நனைக்காமல் கிளம்பினால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். சாரதாமணிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இத்தனை புளுகியும் போச்சே!

அப்போதுதான் ஆத்தப்பன் தலையில் துண்டோடு வரப்பு வழியே வந்தார். பசி தாங்கவில்லை, வந்துவிட்டார். அவருக்குப் பின்னால், வளர்த்த ஆடுகள் மாதிரி வரிசையாக மான்கள். கொம்பு வைத்த கிடா ஒன்று, பெட்டைகள், குட்டிகள். நேராக மாட்டுத் தொட்டிக்குப் போய், எருமைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தன.

"அடக் கெரகமே!" என்று தலையில் கை வைத்தாள் சாரதாமணி.

"அதுக பின்னாலயே வர்றது எனக்கென்ன தெரியும்?" என்றார் ஆத்தப்பன் பரிதாபமாக.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சாரதாமணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமாங்க, வருதுங்க! நித்தமும் வருது! பாதிக் கடலை அதுக வாய்க்குத்தான் போவுது. அதுக்காகக் குட்டியும் தாயுமா வர்றத அடிச்சுக் கொல்லச் சொல்றீங்களா? அது எங்களால ஆவாதுங்க. இதுக்கு ஒத்துக்கற பொண்ணு இருந்தா வரட்டும், இல்லீன்னா என்ற பையன் இப்படியே இருந்துட்டுப் போறான்!"

மகுடேஸ்வரன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிக் குட்டி குடித்து முடித்து நிமிர்ந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"இலையப் போடச் சொல்லுங்க சம்மந்தி!"

சாரதாமணி திகைத்துப் போனாள். "ஏனுங்கண்ணா... அப்பறம் எதுக்குங்க மானு வருதா, மானு வருதான்னு அப்படிக் கேட்டீங்க?"

"வரோணும்னுதாங்க கேட்டேன். காரணத்தச் சொல்லிக் கேட்டா, இல்லாத மானையும் இருக்குதும்பாங்க. இதோட எத்தனையோ தோட்டம் பாத்துட்டேன்."

"வரோணும்னா?"

"எங்க கெணத்துலயும் முட்ட முட்டத் தண்ணி கெடக்குதுங்க. அத்தனையும் சாயப்பட்டறைக் கழிவு, ஆடு மாடு வாய் வெக்காது. சோறாக்கறதே கேன் தண்ணிலதான். அந்தச் சாயத் துணிய வித்துத்தான் நானும் காரு வாங்குனேன், யாரக் குத்தஞ் சொல்றது? என்ற பொண்ணாச்சும் மானு வந்து குடிக்கற தண்ணியக் குடிக்கட்டுமுங்க!"