தொண்ணூறு டிகிரி

"பக்கத்து வீட்டு அந்தோணி நம்ம இடத்துல ரெண்டடி உள்ள தள்ளி சுவர் ஏத்திட்டார். பிளான் வரைஞ்சு கோலார் சர்வே ஆபீஸ்ல புகார் குடுக்கப்போறேன்," என்றான் உதய். இரண்டு வீடுகளையும் டேப்பால் அளந்து கம்ப்யூட்டரில் வரைந்திருந்தான்.

மனைவி நளினி பத்திரத்தைப் பார்த்தாள். "எல்லைக்கோடு ரோட்டுக்கு நேர் தொண்ணூறு டிகிரி."

கோணத்தை டைப் செய்தான். கோடு உதயின் சொந்தச் சமையலறைக்குள்ளேயே ஓடியது. அழித்துவிட்டு மறுபடி தொண்ணூறு போட்டான். அதே இடம்தான்.

இரண்டு வருஷமாகத் தெருவில் தான் 'திருடன்' என்று ஏசிவந்த அந்தோணியின் வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றான்.

"என் சமையலறை சுவர்தான் உங்க இடத்துல இருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுது."

"எனக்கு நீங்க கட்டுறப்பவே தெரியும் தம்பி. புதுசா குடிவர்றவங்களை இடிக்கச் சொல்ல மனசு வரல. இன்னா வெளியவே நிக்கிறீங்க, உள்ள வாங்க."

உதய்க்குப் படியேறக் கால் வரவில்லை.