பதினெட்டு ஆகப்போகிறது

"அடுத்த மாசத்துல இருந்து நீ வேலைக்கு வர வேண்டாம், அல்மா."

ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பேக்கரிக்காரர் ப்ரெபெனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை, தீவில் பாதிப் பேர் எண் சீட்டோடு ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது போட்டு உடைத்தார்.

அல்மாவின் கையிலிருந்த பை நழுவியது. ரொட்டிகள் கவுன்ட்டரில் உருண்டன.

"ஏன்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் இல்ல. உனக்குப் பதினெட்டு ஆகப்போகுது, இல்லையா?"

அதற்கு மேல் வரிசையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. டென்மார்க்கில் பதினெட்டு ஆனதும் கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதனாலேயே, பிறந்த நாளுக்கு வழக்கப்படி மேஜையில் சின்னத் தேசியக் கொடி ஏறுவதற்கு முன்பே பல பிள்ளைகளின் கடை வேலை போய்விடுகிறது.

"போன வருஷம் அந்த ஃப்ரேயா பொண்ணு. இந்த வருஷம் அல்மாவா?" வரிசையின் முன்னால் நின்ற ஹென்னிங் சத்தம் போட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், ஊருக்கே நாட்டாமை. "சாறு இருக்கிற வரைக்கும் சப்பிட்டுச் சக்கையைத் துப்புற ஆளாய்யா நீ?"

ப்ரெபென் உருண்ட ரொட்டிகளைப் பொறுக்கினார்.

அல்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "நிறுத்துறதா இருந்தா எழுத்துல குடுக்கணும். நோட்டீஸ் காலத்துக்குச் சம்பளம் தரணும். சேர்ந்திருக்கிற லீவுப் பணமும் தரணும்."

"எல்லாம் தரேன்."

"நான் தொழிற்சங்கத்துக்குப் போவேன்!"

"போம்மா."

இடிக்க வந்தவளுக்குக் கதவைத் திறந்து விட்டால் அவள்தான் என்ன செய்வாள்? அல்மாவின் குரல் தானாக இறங்கியது.

"இந்த வேலை இருக்குன்னுதானே ஆல்போர்க் நகரத்துல கிடைச்ச விமான மெக்கானிக் படிப்பையே வேண்டாம்னேன்? பதினெட்டானதும் இங்கயே முழு நேரமா இருந்துடலாம்னு..." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ப்ரெபென், எனக்குக் கூலி ஏத்த வேண்டாம். பழைய கூலிக்கே வரேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இதை ப்ரெபென் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. மாவுக் கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து முண்டியடித்துக்கொண்டு வந்தாள் ரிக்கே, அல்மாவின் அம்மா.

"கெஞ்சாதே அல்மா! உன் உரிமையை நீயே விக்காதே!" என்றவள் ப்ரெபென் பக்கம் திரும்பினாள். "வெட்கமா இல்ல உங்களுக்கு? பதினஞ்சு வயசுல இருந்து மழையிலயும் பனியிலயும் சைக்கிள் மிதிச்சு வந்தாளே! உங்க ரொட்டி மாதிரிதான் உங்க மனசும். மேல பளபளப்பு, உள்ள வெறும் காத்து! இனி நீங்களே வந்து கூப்பிட்டாலும் என் பொண்ணு இந்தப் படி ஏற மாட்டா!"

கடையில் யாரோ கை தட்டினார்கள்.

"அப்படிச் சொல்லு ரிக்கே!" என்றார் ஹென்னிங். "அல்மா, நீ ஆல்போர்க்குக்குப் போ. படிச்சு ஆளாகி இவன் மூஞ்சியில கரியைப் பூசு!"

அல்மா ஏப்ரனை அவிழ்த்து கவுன்ட்டரில் எறிந்தாள். "போறேன். விமானத்தைப் பழுது பாக்கக் கத்துக்கிட்டு வந்து, உங்க கடைக்கு மேலயே பறக்க விடுறேன் பாருங்க!"

சைக்கிள் மணி அலற அவள் போய்விட்டாள். பின்னாலேயே ரிக்கேயும் ஓடினாள். ஹென்னிங் வாங்கிய ரொட்டியைத் திருப்பி வைத்துவிட்டு நடையைக் கட்டினார். ஒருவரைப் பார்த்து ஒருவராக எண் சீட்டுகளைக் கசக்கிப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள்.

தட்டு நிறைய ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. ப்ரெபென் அடுப்பறைக்குள் போய், யாருக்கு என்று தெரியாமலே மறுபடியும் மாவு பிசைய ஆரம்பித்தார்.

மத்தியானம் பின்கதவு மெல்லத் திறந்தது. ரிக்கே.

"ரொம்பத் திட்டிட்டேனா?"

"அந்த 'வெறும் காத்து' மட்டும் கொஞ்சம் வலிச்சுது."

"மன்னிச்சுக்குங்க. வாயில வந்துடுச்சு." ரிக்கே மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஆல்போர்க்குக்கு வரேன்னு எழுதிப் போட்டுட்டா ப்ரெபென். அவங்கப்பா போனதுல இருந்து என்னைத் தனியா விட மனசில்லாம, இந்த வேலையைச் சாக்கு வச்சுத் தீவுலயே உக்காந்திருந்தா. வேலை போனாத்தான் கிளம்புவான்னு உங்ககிட்ட வந்து கெஞ்சினேன். எனக்காக ஊர் முன்னாடி இவ்வளவு பெரிய பழியை ஏத்துக்கிட்டீங்களே!"

"வேற என்ன காரணம் சொல்லியிருந்தாலும் தோண்டித் துருவியிருப்பா. பதினெட்டுன்னு சொன்னா யாரும் மறு கேள்வி கேக்க மாட்டாங்க."

ரிக்கே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக இந்த மனுஷனைக் கஞ்சன் என்று நினைத்ததற்காக அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்போ ஃப்ரேயா? அவளையும் இப்படி ஏதோ நல்லதுக்குத்தான் அனுப்பினீங்களா? நாங்கதான் தப்பா நினைச்சுட்டோமா?"

ப்ரெபென் தலையை நிமிர்த்தாமல் மாவைப் பிசைந்தார்.

"இல்ல ரிக்கே. அது கூலிக்குப் பயந்துதான்."